எட்டடிச் சிரிப்பு

தாரிணி முதன்முதலாக ஜெரால்டைச் சுட்டெரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இடம், கோயம்புத்தூரில் டாக்டர் ஷமீனாவின் பல் மருத்துவமனை.

எரிந்தது அவனில்லை, விரல் உயரத்துக்கு இருந்த அவனுடைய பொம்மை. ஞாயிறன்று நோயாளிகள் வராத அந்தக் கூடத்தில், கட்டம் போட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, பகடை உருட்டி மாயப்போர் விளையாடுவது அவர்கள் வழக்கம். தாரிணி மந்திரவாதி. அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஜெரால்டு கோடரி வீரன். கதையைச் சொல்லி, பூதங்களை ஏவி, விதிகளைக் கறாராகக் காக்கும் நடத்துநர் ஷமீனா. பல்லைப் பிடுங்கும்போதுகூட அவளிடம் கொஞ்சம் இரக்கம் இருக்கும். விளையாட்டில் அதுவும் கிடையாது.

ஆறு பூதங்கள் கோடரி வீரனைச் சூழ்ந்துகொண்டன. தாரிணி உற்சாகமாகத் தீக்கோளத்தை வீசினாள். ஷமீனா தன் வளையலைக் கழற்றி அவள் காட்டிய கட்டத்தின்மேல் வைத்தாள். வளையலுக்குள் நான்கு பூதங்கள் அகப்பட்டன. கூடவே ஜெரால்டும் அகப்பட்டான்.

"அவரை விட்டுரு ஷமீ, அவரு நம்மாளு" என்றாள் தாரிணி.

"நெருப்புக்கு அதெல்லாம் தெரியாதுடி. அம்பு விட்டிருந்தா ஒரு ஆளைக் குறி பாத்திருக்கலாம். இது பரப்பு மந்திரம். நீ குறி வெச்சது இடத்தை. அந்த இடத்துல யாரு நின்னாலும் வேக வேண்டியதுதான்."

"நான் தப்பிக்க வழியே இல்லையா?" என்று கேட்டான் ஜெரால்டு.

"பகடை உருட்டுங்க. நல்ல எண் விழுந்தா பாதி வேக்காட்டோட தப்பிச்சிரலாம்."

ஒன்று விழுந்தது. முழுக்க வெந்து முடிந்த ஜெரால்டு எழுந்து வெளியே போய், மூன்று டீயோடு திரும்பி வந்து, முதல் டம்ளரைத் தன்னை எரித்தவள் முன்னால் வைத்தான். தாரிணி அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் பல தடவை எரித்தாள் என்பது வேறு விஷயம். பரப்பு மந்திரத்தை அவளுக்குக் கட்டுப்படுத்த வராது, கட்டுப்படுத்த ஆசையும் இல்லை.

பல் மருத்துவமனைகளுக்கு 'இதம்' வந்தது அதற்கு அடுத்த வருஷம். தயிர்க் கிண்ணம் அளவுக்கு ஒரு விளக்கு. விளக்கு என்று பெயர்தான், வெளிச்சம் எதுவும் வராது. அதைப் போட்டால் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்களுக்குப் பயம் கரைந்து ஒரு குஷி பிறந்துவிடும். கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவர்கள் ஷமீனாவுக்குக் கைதட்டிவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதை விளையாட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

"இன்னைக்குப் பூதத்தலைவன் கெக்கலி மந்திரம் போடறான். எட்டடி வட்டம். நெசமாவே சிரிக்கலாம். யாருக்காச்சும் வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

"எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டான் ஜெரால்டு. காற்றாலைக் கம்பெனியில் பொறியாளன், எதையும் கேட்காமல் தொடமாட்டான்.

"மூளைல சிரிப்பு வர்ற எடத்தைத் தூரத்துல இருந்தே கிச்சுகிச்சு மூட்டற மாதிரி. அணைச்சதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துல எறங்கிரும். சில பேருக்குப் பாதிதான் ஏறும், உன் பகடை மாதிரி. ஆனா ஒண்ணு. இதுக்குள்ள இருக்கறவங்க எதைக் கேட்டாலும் சரிம்பாங்க. அதனால போடறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிருவேன். அப்புறம் வாங்குனா செல்லாது."

அன்று மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பூதத்தலைவன் சுலபமாக ஜெயித்தான்.

இதெல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் ஜெரால்டின் அம்மா ஸ்டெல்லா, நாகர்கோவிலிலிருந்து பெண் வீட்டுக்குப் பேச வருவதாகச் செய்தி வந்தது. தாரிணி பயந்துபோனாள். ஸ்டெல்லாவை நினைத்து இல்லை, தன் அப்பாவை நினைத்து.

அப்பா சென்னியப்பன் கணபதியில் பம்புசெட் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தில்கூட மோட்டார் ஓடவில்லை என்று யாரோ வந்து சொன்னதுபோலத்தான் நிற்பார். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்வதுதான் அந்தக் குடும்பத்தில் வழக்கம். மகள் ஊர் தாண்டி, மதம் தாண்டி ஒருவனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள் என்று அம்மா கமலவேணி பக்குவமாக எடுத்துச் சொன்னபோது, அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "ஒறம்பரை வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். ஒறம்பரை என்றால் அவர்கள் பேச்சில் வீட்டுக்கு வரும் விருந்தாளி. பட்டறையில் ஒருவரிடம் அவர் "பாத்துக்கலாம்" என்றால் அந்த வேலை நடக்காது என்று அர்த்தம். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டால் அவரை மீறிப் போக தாரிணிக்குத் தெம்பு கிடையாது. ஜெரால்டைக் கைவிடவும் தெம்பு கிடையாது.

"இதத்தைக் குடு ஷமீ" என்றாள்.

"உதை வாங்குவே. கேக்காம ஒருத்தர்மேல போடறதா?"

"அப்பாவைக் கொஞ்சம் குஷியாக்கறோம், அவ்வளவுதான். ஒரு சரின்னு சொல்லிட்டாருன்னா அப்புறம் வார்த்தை மாறமாட்டாரு."

"முடியாது."

ஜெரால்டு வெற்று வரைபடம் ஒன்றை எடுத்து, தாரிணி முன்பு சொன்னதை வைத்து அவள் வீட்டுக் கூடத்தைக் கட்டம் கட்டமாக வரையத் தொடங்கினான். இங்கே சோபா, இங்கே டீப்பாய், இங்கே தாரிணி அப்பாவின் பிரம்பு நாற்காலி. ஷமீனா ஐந்து நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆறாவது நிமிடம், "சோபாவைத் தப்பான கட்டத்துல போட்டிருக்கே" என்றாள். வரைபடத்தைக் கண்டால் அவளுடைய நல்ல புத்தி அவ்வளவுதான் தாங்கும்.

அப்பாவுக்கு டிராகன் பொம்மை. ஸ்டெல்லாவுக்கு ஒரு குட்டி தேவதை. விளக்கைப் பழத்தட்டில் ஆப்பிள்களுக்கு அடியில் மறைத்து டீப்பாய்மேல் வைப்பது என்று முடிவாயிற்று. அதுதான் மையப்புள்ளி. வளையலை வைத்துப் பார்த்தார்கள். டிராகன் மட்டும் உள்ளே. தேவதை சோபாவின் மறுகோடியில், வளையலுக்கு வெளியே.

"உங்கம்மா?" என்றாள் ஷமீனா.

அதுதான் சிக்கல். கமலவேணிக்கு எல்லாம் தெரியும். போன மாதம் தாரிணியும் ஜெரால்டும் வால்பாறை போய்வந்தது உட்பட. ரகசியத்தை அவர் அடக்கி வைத்திருப்பதே பெரும்பாடு, பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். அவர்மீது குஷி பட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியாது.

"அம்மா சமையல்கட்டுல இருப்பாங்க. இந்தச் சுவருக்குப் பின்னால. வட்டம் அதுவரைக்கும் எட்டுதே."

மூவரும் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்கள். மூவர் முகமும் ஒரே நேரத்தில் தெளிந்தது.

"சுவருக்குப் பின்னால நின்னா முழு மறைப்பு" என்றாள் ஷமீனா. "பரப்பு மந்திரம் அந்தப் பக்கம் போகாது."

அது சரியான விதிதான். தீக்கோளமாக இருந்திருந்தால் கமலவேணிமேல் ஒரு பொறிகூடப் பட்டிருக்காது. அது தீக்கோளம் இல்லை என்பது, பொறியாளன் ஒருவனும் பல் டாக்டர் ஒருத்தியும் உட்கார்ந்திருந்த அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷமீனாவின் கூடம் தடுப்புச் சுவரில்லாத ஒரே ஹால். சோதித்துப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

"டாக்டரா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று விளக்கைக் கொடுக்கும்போது சொன்னாள் ஷமீனா. "நடத்துநரா, வளையல் சரியா இருக்குது."

ஞாயிறு காலை ஸ்டெல்லா வந்தார். நெடுநெடுவென்ற உயரம், வெள்ளைப் பருத்திச் சேலை. கணவர் இறந்து இரண்டாவது வருஷம். அதற்குப் பிறகு அம்மா சிரித்துப் பார்த்ததே இல்லை என்று ஜெரால்டு சொல்லியிருந்தான். வந்தவர் தாரிணியின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரு மோளே" என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது. முகத்தில் மட்டும் ஏதோ ஒரு முடிவு எடுத்துவிட்டு வந்த இறுக்கம்.

முதல் கால்மணி நேரம் எல்லாம் வரைபடத்தில் போட்டதுபோலவே நடந்தது. பழத்தட்டு டீப்பாயில். டிராகன் பிரம்பு நாற்காலியில். தேவதை சோபாவின் கோடியில். மாப்பிள்ளைப் பையன் அடக்கமாக இருக்கவேண்டும் என்று அம்மா சொல்லிக் கூட்டி வந்திருந்ததால், ஜெரால்டு வட்டத்துக்கு வெளியே ஜன்னலோரம் மோடாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கைப் போடவும் அணைக்கவும் கையில் செல்போன். தாரிணி காபி கொண்டுவந்து "அப்பா, காப்பி" என்று சொல்லும்போது விளக்கைப் போடவேண்டும் என்று பேச்சு.

தாரிணி சமையல்கட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சென்னியப்பன் ஒரு காரியம் செய்தார். சோபாவுக்கு மின்விசிறிக் காற்று எட்டாமல் ஸ்டெல்லா முந்தானையால் விசிறிக்கொள்வதைப் பார்த்தார். எழுந்தார்.

"இங்க வந்து உக்காருங்கம்மா. இங்கதான் காத்து வரும்."

ஸ்டெல்லா வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. அவரைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல்படி ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் நல்ல நாற்காலி எப்போதும் வந்தவர்களுக்குத்தான். தாரிணி பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வழக்கம் அது. வரைபடம் போடும்போது அந்த ஒன்றுதான் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

தட்டோடு வந்தவள் பிரம்பு நாற்காலியில் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள்.  ஆனால் கால் தன்பாட்டுக்கு வாசல்வரை நடந்துவிட்டது, வாயும் தன்பாட்டுக்கு, "அப்பா, காப்பி" என்றுவிட்டது.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெரால்டு கட்டைவிரலை அழுத்தினான்.

முதலில் ஸ்டெல்லாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அந்த நெடிய உடம்பு நாற்காலியோடு சேர்ந்து ஆடியது.

"என்னத்துக்குப் பேசிட்டே இருக்கோம்?" என்றார் சிரிப்புக்கு நடுவில். "நாளைக்கே கல்யாணத்த வச்சுக்கிடலாம். சர்ச்சும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். உங்க மோட்டார் பட்டறையிலேயே வச்சுக்கிடுவோம். மேளத்துக்குப் பதிலா ஒரு மோட்டார ஓட விடுங்க."

ஜெரால்டு தலையை நிமிர்த்தினான். அம்மா இருந்த இடத்தைப் பார்த்ததும் அணைக்கக்கூடத் தோன்றாமல் விறைத்துப்போனான்.

அதே நேரம் சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது. சுவருக்குப் பின்னாலிருந்து கலகலவென்று இன்னொரு சிரிப்பு கேட்டது. முழு மறைப்பில் இருந்த கமலவேணி, கையில் பாயசக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, ஒரு சேதி" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போன மாசம் இவ சோலியா ஈரோடு போறேன்னாளே, ஈரோடும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. வால்பாறை. இந்தப் பையங்கூட. நாந்தான் புளிச்சோறு கட்டிக் குடுத்தேன்."

சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்தினார். பொத்திய விரல்களின் சந்து வழியாக மிச்சமும் வந்தது. "அப்பளமும் வெச்சனுங்க." சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கண் இரண்டும் பரிதாபமாக மகளைத் தேடின. நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று அந்தக் கண்கள் கேட்டன.  விளையாட்டில் வெந்த பொம்மைகளுக்குக் கண் கிடையாது.

சென்னியப்பன் மட்டும் வாசல்படியில் காபி டம்ளரோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ காதால் தேடிக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரமா ஒரு சத்தம் வருது" என்றார். "அந்த ஆப்பிள் தட்டுல இருந்து. ஆப்பிளு உர்ருங்கறதை நான் எங்கயும் கேட்டதில்லை."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து டீப்பாயை நோக்கி நடந்தார்.

இன்னும் மூன்று எட்டு வைத்தால் வட்டம். டிராகன் தன் காலாலேயே வட்டத்துக்குள் நடந்து வருகிறது. தாரிணி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். வால்பாறை வெளியே வந்துவிட்ட பிறகு இதை விட்டால் வேறு கதியே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அப்பா சிரிப்பார், சரி என்பார், சொன்ன வார்த்தையை மாற்றமாட்டார். எல்லாமே முடிந்துவிடும். அப்புறம் வாழ்நாள் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் இந்த விரல் சந்துதான் ஞாபகம் வரும்.

"அப்பா, அங்க போகாதீங்க" என்றாள். "ஜெரால்டு, அணைச்சிரு."

அணைத்தான். சென்னியப்பன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்.

தாரிணி எல்லாவற்றையும் சொன்னாள். வளையல், வட்டம், டிராகன் என்று ஒன்றையும் விடவில்லை. குஷி இன்னும் இறங்காத இரண்டு அம்மாக்களும் டிராகன் என்ற இடத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

சென்னியப்பன் ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டு விளக்கைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வால்பாறை எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "நம்மகிட்ட மோட்டார் எடுத்த எஸ்டேட்காரரு உங்க பஸ்லதான் வந்திருக்காரு. போன் பண்ணுனாரு. பையன் எப்படின்னு கேட்டேன். ஒரு பாட்டிக்கு எடம் குடுத்துட்டு மலைமேல அட்டகட்டி வரைக்கும் நின்னுட்டே வந்தான்னாரு. அப்பவே எனக்குச் சரிதான்."

"அப்பறம் ஏம்ப்பா பாத்துக்கலாம்னீங்க?"

"ஒறம்பரை வந்தாப் பாத்துக்கலாம்னுதான் சொன்னேன். ஆரையும் பாக்காம எப்படி கண்ணு சம்மதம் சொல்றது? உங்கம்மா வந்து சொன்னா. நீ வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. எட்டடி வட்டத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணத் தெரிந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. தாரிணிக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாகப் பொங்கி, எதற்கு அழுகிறோம் என்றே தெரியாமல் அழுதாள்.

மதியத்துக்குள் குஷி இறங்கிவிட்டது. கமலவேணி ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "அப்பாடா, இனி ஒளிக்க ஒண்ணுமில்ல" என்று பாயசத்தைச் சூடு பண்ணப் போனார். ஸ்டெல்லா மட்டும் பிரம்பு நாற்காலியிலேயே இருந்தார். ஜெரால்டு காலடியில் உட்கார்ந்து, "அம்மா, தப்புதான்" என்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை. தாரிணியைத்தான் பார்த்தார்.

"எனக்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் இதுதான் மொதல் சிரிப்பு" என்றார். "எப்போ வரும், எதுக்கு வரும்னு நானே நெனச்சுப் பாப்பேன். கடைசில அது எனக்குள்ள இருந்து வரல்ல. ஆப்பிளுக்கு அடியில இருந்து வந்திருக்கு."

 தாரிணி அவர் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டாள். ஸ்டெல்லா அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டியா. நான் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இவன் கல்யாணம் முடிச்சு இங்கயே தங்கிட்டாம்னா நான் அங்க தனி. அதுதான் காரணம், வேற ஒண்ணுமில்ல. அதையும் சொல்ல விடாம பண்ணிட்டிய."

அப்படி ஒரு காரணம் இருக்கும் என்று தாரிணி கனவிலும் நினைக்கவில்லை. வரைபடத்தில் அவள் தேவதையை ஒதுக்குப்புறமாக வைத்து, அத்தோடு மறந்துவிட்டிருந்தாள்.

"இப்ப கேக்கறனுங்க அம்மா. என்ன சொன்னாலும் சரி."

"இப்ப கேக்காத" என்றார் ஸ்டெல்லா. "இப்ப நான் சரின்னாலும் உனக்க வெளக்கோட மிச்சம் சொல்லுச்சோன்னு இருக்கும். வேண்டாம்னாலும் கோவத்துல சொன்னேனோன்னு இருக்கும். நாளைக்கு விடியக்காலம் கேளு. தூங்கி முழிச்ச ஒடனே, பல்லு தேய்க்கதுக்கு முன்னால. அப்போ எனக்கு உலகத்துல ஒருத்தரையும் பிடிக்காது. பெத்த மோனையும் பிடிக்காது. அப்போ என்ன சொல்லுதேனோ அதுதான் நான் சொன்னது."

ராத்திரி வண்டிக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ஜெரால்டு ரத்து செய்தான். சாயங்காலம் ஷமீனா போனில் வந்தாள். தடுக்காத சுவரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"விளக்கைக் கொண்டாந்து குடுத்துரு" என்றாள் கடைசியில். "குடுத்ததே என் தப்புதான். நானே வந்து உங்கம்மாகிட்டச் சொல்றேன்."

"அப்பா அதைக் கழட்டிட்டாருடி. உள்ள என்ன இருக்குன்னு பாக்கறாரு."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தாரிணி குளித்து, தலையைக்கூடத் துவட்டாமல், ஸ்டெல்லா படுத்திருந்த அறை வாசலில் போய் நின்றாள். கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. ஏழெட்டு விதமாகக் கேள்வியை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். பின்னால் கூடத்தில் ஜெரால்டும் கமலவேணியும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து நின்றார்கள். அப்பா பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

போர்வை அசைந்தது. ஒரு கண் திறந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் தாரிணிக்கு ஒத்திகை பார்த்தது அத்தனையும் மறந்து போயிற்று. அவர் சொன்னது மெய்தான். அந்தக் கண்ணுக்கு உலகத்தில் ஒருத்தரையும் பிடிக்கவில்லை.

"அம்மா" என்றாள் தாரிணி. "நான் ஜெரால்டைக் கட்டிக்கட்டுங்களா? நீங்க தனியா இருக்க வேண்டாம். எங்க இருக்கறதுன்னு எல்லாரும் உக்காந்து பேசிக்கலாம். சம்மதமான்னு மட்டும் சொல்லுங்க."

ஸ்டெல்லா அவளை மேலும் கீழும் முறைத்தார். சொட்டுச்சொட்டாக ஈரம் வடியும் தலையை முறைத்தார். அவளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த மகனை இன்னும் அதிகமாக முறைத்தார்.

"சம்மதம்" என்றார் எரிச்சலோடு. "தலையைத் துவட்டு, சளி பிடிச்சுரும்." போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.